லீட்ஸில் கிடைக்கப்போவது ஒரே ஒரு சனிக்கிழமை, எங்கே போகலாம்?

கேள்வி: பழைய கண்டக்டர், பாலக்கோடு

எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போய்வந்தவர்கள் யாராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

என் மகள் லீட்ஸில் இருக்கிறாள். ஜூன் மாதம் நானும் என் மனைவியும் ஐந்து வாரம் போகிறோம். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கத்தை விட்டுப் பறக்கிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பேரனுக்குப் பிறந்தநாள், வேறு வழியில்லை. மருமகனுக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் வேலை, மகளுக்கு வாரம் முழுக்க ஆபீஸ். எல்லோரும் சேர்ந்து வெளியே போக ஒரே ஒரு சனிக்கிழமைதான் உறுதி என்று இப்போதே சொல்லிவிட்டார்கள்.

மருமகன் ஒரு திட்டம் அனுப்பினார். காலையில் யார்க், மதியம் ஒரு கடற்கரை, சாயங்காலம் ஒரு ஏரி. மேப்பை விரித்துப் பார்த்தேன். 31 வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் நான். ஒரே நாளில் அவ்வளவு தூரம் ஓடினால் இறங்கும்போது யாருக்கும் யார் முகமும் பிடிக்காது. அதை அவரிடம் சொல்ல முடியுமா? மருமகன் ஆயிற்றே. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

எங்கள் நிலவரம்: எனக்கு 62, இடது முழங்கால் சரியில்லை. மெதுவாக ஒரு மணி நேரம் நடப்பேன், படி என்றால் யோசிப்பேன். மனைவிக்கு 57. இருபது வருஷத்துக்கு மேலாகப் பட்டுப்புழு வளர்க்கிறாள், என்னைவிட வேகமாக நடப்பாள். ஆனால் கோட்டை, அரண்மனை என்றால் ஐந்தாவது நிமிஷம் “போலாமா?” என்பாள். பேரனுக்கு ஆறு வயது முடிகிறது, ரயில் பைத்தியம். மகளுக்கு எங்கே போனாலும் போட்டோ வேண்டும். கையில் சாப்பாடு கட்டிக்கொண்டு போவோம்.

ஊருக்கு வந்து டீக்கடையில் நாலு பேரிடம் சொல்கிற மாதிரி ஏதாவது ஒன்று பார்க்க வேண்டும். படத்தில் வருகிற இடமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பதில்: ஓசூர்க்காரன்

சார், யோசிக்கவே வேண்டாம், யார்க் போங்கள். லீட்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. நான் கம்பெனி வேலையாக அங்கே இரண்டு வருஷம் இருந்தேன், ஊரிலிருந்து வந்த எல்லோரையும் அங்கேதான் கூட்டிப்போனேன்.

ஸ்டேஷனை ஒட்டியே தேசிய ரயில்வே மியூசியம் இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. ‘மல்லார்ட்’ என்று நீல நிற நீராவி எஞ்சின் ஒன்று நிற்கும். 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் ஓடியது, அதாவது 200 கிலோமீட்டருக்கு மேல். நீராவி எஞ்சினில் அதுதான் சாதனை. ஜப்பான் புல்லட் ரயிலின் முதல் தலைமுறைப் பெட்டி ஒன்றும் உள்ளே இருக்கிறது, ஏறி உட்காரலாம். பையனை வெளியே இழுத்து வருவதுதான் உங்களுக்கு வேலையாக இருக்கும்.

பிறகு ஊரைச் சுற்றிப் பழைய மதில். மொத்தம் மூன்றரை கிலோமீட்டர் இருக்கும், மேலேயே நடக்கலாம். நடுவில் எங்கே வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம், ஆனால் ஏறி இறங்கப் படி உண்டு. ஷாம்பிள்ஸ் என்று ஒரு சந்து. ஒரு காலத்தில் கறிக்கடைத் தெரு, மாடிகள் முன்னால் துருத்திக்கொண்டு எதிர் வீட்டைத் தொடப் பார்க்கும். மகளுக்குப் போட்டோ அங்கே கிடைத்துவிடும். யார்க் மின்ஸ்டர் என்ற பெரிய தேவாலயத்துக்கு மட்டும் டிக்கெட் உண்டு. அம்மா “போலாமா” என்பார்கள் என்றால் வெளியிலிருந்தே பாருங்கள்.

மழை வந்தாலும் கெடாத திட்டம் இது ஒன்றுதான்.

பதில்: கல்தொழில், கிருஷ்ணகிரி

ஐயா, வணக்கம். நமக்குக் கிருஷ்ணகிரி. முப்பது வருஷம் கிரானைட் தொழில். குவாரியில் ஆரம்பித்து, கடைசியில் பிளாக்கைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. என் மகனும் லீட்ஸ்தான். போன வருஷம் மே, ஜூன் இரண்டு மாதமும் அங்கே இருந்துவிட்டு வந்தேன். ஓசூர்த் தம்பி சொன்ன யார்க் நல்ல ஊர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிற்கிற ரயிலைப் போய்ப் பார்ப்பதைவிட ஓடுகிற ரயிலில் உட்காருவது மேல் என்பது என் கட்சி.

லீட்ஸ் ஸ்டேஷனிலிருந்தே கார்லைல் போகிற ரயில் இருக்கிறது. அதில் செட்டில் என்ற ஊருக்கு அப்புறம் வருகிற 72 மைல்தான் விஷயம். செட்டில்–கார்லைல் பாதை என்பார்கள். ஸ்காட்லாந்துக்குப் போக மற்ற கம்பெனிகளிடம் பாதை இருந்தது, மிட்லண்ட் ரயில்வேக்கு இல்லை. அந்த ரோஷத்தில் மலை நடுவில் கோடு கிழித்தார்கள். இடையில் கம்பெனிக்கே பயம் வந்து, வேண்டாம் விட்டுவிடுகிறோம் என்றது. பாராளுமன்றம் விடவில்லை. 1876 மே 1 முதல் பயணிகள் ரயில் ஓடுகிறது.

அதில் ரிப்பிள்ஹெட் என்ற இடத்தில் ஒரு பாலம். 24 வளைவு, 400 மீட்டர் நீளம், பள்ளத்திலிருந்து 32 மீட்டர் உயரம். சுற்றிலும் ஊர் கிடையாது, மரம்கூட அதிகம் கிடையாது. புல், காற்று, ஆடு, இந்தப் பாலம், அவ்வளவுதான். நான் கல்லைப் பார்த்துப் பிழைத்தவன், அதனால் முதலில் கையைத்தான் வைத்தேன். சுண்ணாம்புக்கல். நம் கருங்கல் முன்னால் அது பிஞ்சு. ஆனால் கட்டிய கை பிஞ்சு இல்லை. ஒவ்வொரு ஆறாவது தூணையும் மற்றதைவிடத் தடிமனாக வைத்திருக்கிறார்கள். ஏதாவது ஒரு தூண் போனால் அந்தத் தடித்த தூண்வரைதான் சரியும், முழுப் பாலமும் வரிசையாகப் படுக்காது. இதை என் மகன் செல்போனில் படித்துச் சொல்வதற்கு முன்பே நான் எண்ணிக் கண்டுபிடித்துவிட்டேன், அதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

கட்டும்போது அந்த மேட்டிலேயே கொட்டகை போட்டு, குடும்பம் குடும்பமாகத் தங்கி வேலை செய்திருக்கிறார்கள். விபத்தில் போனவர்கள் கொஞ்சம், பெரியம்மையில் போனவர்கள் இன்னும் நிறைய. பக்கத்தில் சேப்பல்-லி-டேல் என்ற சின்னத் தேவாலயத்தில் பிள்ளைகளும் பெண்களுமாக ஏறத்தாழ 200 பேரைப் புதைத்திருக்கிறார்கள். குவாரியில் இருந்தவனுக்கு அதைக் கேட்டால் தொண்டையில் சோறு இறங்காது. சரி, அதை விடுங்கள்.

இந்தப் பாதையை 1980களில் மூடப் பார்த்தார்கள். பாலம் ரிப்பேருக்குப் பணம் அதிகம், ஆள் வருவதில்லை என்று காரணம். ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஆட்சேபம் எழுதினார்கள். எழுதியவர்களில் ஒரு நாயும் உண்டு. நான் விளையாடவில்லை. ரஸ்வர்ப் என்று பெயர். அதுவும் டிக்கெட் எடுத்துப் பயணம் செய்த பயணி என்பதால், மனுவில் வைத்த பாதச் சுவடு செல்லும் என்று ஏற்றுக்கொண்டார்கள். 1989 ஏப்ரலில் பாதை பிழைத்தது. ரிப்பேருக்கும் முதலில் பயமுறுத்திய அளவு செலவாகவில்லை. அடுத்த வருஷம் அந்த நாயின் முதலாளி வேல்ஸ் மலையில் தனியாக நடக்கப் போனவர் இறந்துவிட, பனியில் 11 வாரம் உடல் பக்கத்திலேயே கிடந்ததாம் அது. கார்ஸ்டேல் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அதற்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். பேரனுக்கு இந்தக் கதையை ரயிலிலேயே சொல்லுங்கள், அழுகிற பகுதியை வேண்டுமானால் விட்டுவிடலாம்.

எனக்கு அங்கே உட்கார்ந்தபோது நம் ஊர்தான் ஞாபகம். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905லேயே சின்ன ரயில் வந்தது. மொரப்பூரிலிருந்து உங்கள் தர்மபுரிக்கு 1906ல். பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவரலாம் என்று போட்ட இரண்டரை அடிப் பாதை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் நிறுத்தித் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். தர்மபுரிக்கு அப்புறம் வேறு பாதை வந்துவிட்டது, கிருஷ்ணகிரி இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறது. என் தாத்தா அந்த ரயிலில் திருப்பத்தூர் போனவர். நமக்கும் ஒரு நாய் கிடைத்திருக்கலாம் என்று மகனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

போகிற முறை சொல்கிறேன். பாலத்தின் மேல் போகும்போது பாலம் தெரியாது, இதைப் பல பேர் மறந்துவிடுகிறார்கள். லீட்ஸிலிருந்து போனால் ரிப்பிள்ஹெட் ஸ்டேஷன் பாலத்துக்கு முன்னாலேயே வந்துவிடும், அங்கே இறங்கவேண்டாம். நேராகப் பாலத்தைத் தாண்டி ஆப்பிள்பி வரை போய்விடுங்கள். வழியில் டென்ட் ஸ்டேஷன் வரும், இங்கிலாந்தின் மெயின் லைனில் அதுதான் உயரமான ஸ்டேஷன் என்று போர்டே இருக்கிறது. உயரம் 350 மீட்டர்! நம் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டே அதைவிட மேலே. ஊரிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி ஏன் ஸ்டேஷனைக் கட்டினீர்கள் என்று கேட்டால், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டுமே என்றுதான் என்பார்களாம்.

ஆப்பிள்பியில் ஆற்றங்கரையில் சாப்பிட்டுவிட்டு, திரும்பி வரும்போது ரிப்பிள்ஹெட்டில் இறங்குங்கள். ஸ்டேஷனிலிருந்து பாலத்தடிக்குப் பத்து பதினைந்து நிமிஷ நடை, பெரிய ஏற்றம் இல்லை, உங்கள் முழங்கால் தாங்கும். டிக்கெட் எடுக்கும்போதே நடுவில் இறங்கி ஏறலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கண்டக்டர், உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஜூன் முதல் வாரம் மட்டும் வேண்டாம், அப்போது ஆப்பிள்பியில் குதிரைச் சந்தை. நாடோடிக் குடும்பங்கள் குதிரைகளை ஆற்றில் இறக்கிக் குளிப்பாட்டுவார்கள், பார்க்க அருமை, ஆனால் நம் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமை சந்தை மாதிரி நாலு மடங்கு நெரிசல்.

ரயிலிலிருந்து பார்க்கும்போது வயல் வரப்பில் எல்லாம் கல் சுவர் ஓடும். சிமெண்டு, மண், சுண்ணாம்பு எதுவும் கிடையாது, வெறும் கல். அந்த மலைப் பிரதேசத்தில் மட்டும் 8000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறதாம். ஒரு சுவர் இல்லை அது, இரண்டு சுவர். இரண்டும் மேலே போகப் போக ஒன்றையொன்று பார்த்துச் சாயும். நடுவில் சின்னக் கல் திணிப்பார்கள். அங்கங்கே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு ஒரு நீளக் கல் குறுக்கே போகும், அதுதான் இரண்டையும் பிடித்துவைக்கிறது. மேலே செங்குத்தாகக் கனமான தலைக்கல். ஆடு மட்டும் நுழைய அடியில் சதுரமாக ஓட்டை விட்டிருப்பார்கள். நான் இதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் திரும்பும் ரயில் போய்விட்டது. அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்து. அங்கே கடை கண்ணி கிடையாது. மகன் பேசாமல் இருந்தான், மருமகள் புளிசோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள், காற்று பேப்பர் தட்டை ஸ்காட்லாந்துப் பக்கம் கொண்டுபோனது. எஃகுத் தட்டு எடுத்துப் போங்கள். ஜூனிலும் காது மூடும் குல்லா வேண்டும், சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

பதில்: பழைய கண்டக்டர், பாலக்கோடு

கல்தொழில் ஐயா, நன்றி. நாய்க்கு டிக்கெட் போட்ட ஊர் என்றதும் எனக்கு மரியாதை வந்துவிட்டது. நான் ஆட்டுக்குட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டுச் சண்டை பார்த்தவன். மழை பெய்தால் இந்தத் திட்டம் என்ன ஆகும்?

பதில்: கல்தொழில், கிருஷ்ணகிரி

மழை என்றால் அதே லைனில் லீட்ஸிலிருந்து கால் மணி நேரத்தில் சால்டேர் வரும், அங்கே இறங்கிவிடுங்கள். டைட்டஸ் சால்ட் என்ற கம்பளி முதலாளி 1853ல் பெரிய மில் திறந்து, சுற்றிலும் தொழிலாளிகளுக்கு வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் கட்டி, தன் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டார். தெருக்களுக்குப் பிள்ளைகள் பெயர். சாராயக்கடை மட்டும் கூடாது என்றார். 2001லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. மில்லுக்குள் இப்போது ஓவியமும் புத்தகக்கடையும். கூரைக்குக் கீழேயே அரை நாள் ஓடிவிடும், உள்ளே போகக் காசு இல்லை.

பதில்: அரூர்ப் பெண், ஸ்டாக்போர்ட்டிலிருந்து

ஐயா, வணக்கம். இவ்வளவு பேர் எழுதியிருக்கிறீர்கள். பேரனுக்கு ரயில், உங்களுக்கு நாய், கல்தொழில் ஐயாவுக்குச் சுவர். இருபது வருஷம் புழு வளர்த்த அம்மாவுக்கு என்ன? ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

நான் இங்கே நர்ஸ். எங்கள் வீட்டிலும் புழு மனை இருந்தது. ஐந்தாம் பருவத்தில் ராத்திரி இலை போடப் போனால் கொறிக்கிற சத்தம் ஓட்டின் மேல் தூறல் விழுகிற மாதிரி இருக்கும். பள்ளிக்கூடப் பாடத்தை அந்தச் சத்தத்தில்தான் படித்தேன். அதனால் இது எனக்குச் சொந்த விஷயம்.

மான்செஸ்டருக்குத் தெற்கே மேக்கிள்ஸ்ஃபீல்டு என்று ஒரு ஊர். மான்செஸ்டர் பிக்கடில்லி ஸ்டேஷனிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள். இங்கிலாந்தின் பட்டு ஊர் அதுதான். முதலில் சட்டைப் பொத்தானுக்குப் பட்டு நூல் சுற்றுகிற வேலை, வீட்டு வீட்டுக்குப் பெண்களும் பிள்ளைகளும் செய்திருக்கிறார்கள். 1743 வாக்கில் சார்லஸ் ரோ என்பவர் தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடும் பட்டு மில் போட்டார், பிறகு மில்லுக்கு மேல் மில். அங்கே பட்டு மியூசியம் இருக்கிறது. பக்கத்திலேயே பாரடைஸ் மில். அதன் மேல் மாடியில் 26 ஜக்கார்டு கைத்தறிகள், விட்டுப்போன இடத்திலேயே நிற்கின்றன. 1981 வரை அங்கே தொழில் நடந்தது. கூட்டிப்போய்க் காட்டுகிறவர் தறியை ஓட்டியும் காட்டுவார். துளை போட்ட அட்டை ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்ப, பூ தானாக விழும். காஞ்சிபுரத்துத் தறியில் தொங்குகிற அதே அட்டைதான்.

ஒன்று மட்டும் அம்மாவுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். இங்கே புழு வளர்ப்பு கிடையாது. கச்சாப் பட்டு எல்லாம் வெளியிலிருந்து வந்ததுதான். 1609 வாக்கில் முதலாம் ஜேம்ஸ் ராஜா நாடெங்கும் மல்பெரி நடச்சொல்லி ஆயிரக்கணக்கில் கன்று வரவழைத்தார். வந்தது கறுப்பு மல்பெரி. புழுவுக்குப் பிடித்தது வெள்ளை மல்பெரி. குளிர் வேறு. திட்டம் படுத்துவிட்டது. நம் தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஒரு ஆளைக் கேட்டிருந்தால் ராஜாவுக்கு அவ்வளவு செலவு மிச்சம்.

சனிக்கிழமை எல்லோரும் ரயில் பாலத்துக்குப் போங்கள், நான் தடுக்கவில்லை. வார நாளில் நீங்கள் இரண்டு பேரும் சும்மாதானே வீட்டில் இருப்பீர்கள்? ஒரு நாள் தனியாக இங்கே வாருங்கள். லீட்ஸிலிருந்து மான்செஸ்டர் ஒரு மணி நேரம், அங்கே மாற வேண்டும், அவ்வளவுதான். 31 வருஷம் கண்டக்டராக இருந்தவருக்கு ஒரு ரயில் மாறத் தெரியாதா? இரண்டு பேர் சேர்ந்தே பயணம் செய்வதற்கு ‘டூ டுகெதர்’ என்று ஒரு ரயில் கார்டு உண்டு, மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாளில் காலை ஒன்பதரைக்கு மேல்தான் செல்லும். உங்களுக்கு 60 தாண்டிவிட்டதால் சீனியர் கார்டு தனியாகவும் எடுக்கலாம், பாஸ்போர்ட் காட்டினால் போதும், ஆனால் அம்மாவுக்கு 57 என்றீர்களே, அதனால்தான் சொல்கிறேன். மியூசியம் எல்லா நாளும் திறப்பதில்லை, மகளை விட்டு இணையத்தில் பார்த்து மில்லுக்கு முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் ஏற ‘108 படி’ என்று பெயர் போன படிக்கட்டு இருக்கிறது. எண் நல்ல எண்தான், ஆனால் முழங்காலுக்கு வேண்டாம். சுற்றிப்போகும் ரோட்டில் டாக்சியில் போங்கள்.

பதில்: பரிசல், பென்னாகரம்

ஏரி வேண்டுமா என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை. விண்டர்மியர் இங்கிலாந்தின் பெரிய ஏரி, நீளம் 17 கிலோமீட்டர், கப்பல் விடுகிறார்கள். அக்கா வீட்டுக்குப் போனபோது போனேன். ஒகேனக்கல்லில் பரிசல் தள்ளிய கைக்கு அந்தத் தண்ணீர் ரொம்ப அமைதி. சத்தமே போடாத தண்ணீரை எப்படி நம்புவது என்று தெரியவில்லை. ஆனால் கரையிலிருந்து ஆரஸ்ட் ஹெட் என்ற குன்றில் ஏறினால் ஏரியும் மலையும் ஒரே பார்வையில் விழும், அது மட்டும் பொய்யில்லை.

லீட்ஸிலிருந்து ரயில் மாறி மாறிப் போனால் போகவே அரை நாள். அதோடு அந்த மலைப்பக்கம் சீத்வெயிட் என்ற ஊரில் வருஷத்துக்கு 3500 மி.மீ. மழை. நமக்கு 800, 900 பெய்தாலே நல்ல வருஷம். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள் அண்ணா.

பதில்: பழைய கண்டக்டர், பாலக்கோடு (ஜூலை)

வந்துவிட்டோம். போனவர்கள் திரும்பி வந்து என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விடுவது எனக்குப் பிடிக்காது, அதனால் எழுதுகிறேன்.

மருமகனிடம் கல்தொழில் ஐயா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். கடற்கரை, ஏரி இரண்டையும் அவரே அடித்துவிட்டார். யார்க்கை மட்டும் விடவில்லை, வேறு ஒரு நாள் பேரனை அவர் கூட்டிப்போனார். பையன் மல்லார்டைவிட ஜப்பான் ரயிலைப் பற்றித்தான் பேசுகிறான். ஓசூர்த் தம்பிக்கு நன்றி.

சனிக்கிழமை ஆப்பிள்பி போனோம். சந்தை முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது, ஊர் அமைதி. ரயிலில் டிக்கெட் பார்க்க வந்தவர் ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும். நானும் உங்கள் வேலைதான் என்று மகளை விட்டுச் சொல்லச் சொன்னேன். எத்தனை வருஷம் என்றார். 31 என்றதும் கை கொடுத்தார். பேரன் ரஸ்வர்ப் பற்றிக் கேட்டான். கார்ஸ்டேலில் வண்டி நின்றபோது எந்தப் பக்க ஜன்னலில் பார்க்க வேண்டும் என்று அவரே வந்து காட்டினார். சிலை சின்னதுதான், நிஜ நாய் அளவு. பையன் அதற்கு சல்யூட் அடித்தான்.

திரும்பும்போது ரிப்பிள்ஹெட்டில் இறங்கினோம். காற்றைப் பற்றி ஐயா குறைத்துத்தான் எழுதியிருக்கிறார். குல்லாவுக்கு மேல் துண்டும் கட்டிக்கொண்டேன். மகள் முகம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோகூட விழவில்லை, எல்லாவற்றிலும் முடிதான். நான் தூணை எண்ணினேன், ஆறாவது தடிமன்தான். நாங்கள் அடியில் நின்றபோது மேலே சரக்கு ரயில் ஒன்று போனது. அவ்வளவு உயரத்தில் சத்தம் தாமதமாகத்தான் கீழே வந்த மாதிரி இருந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கும் நடுப்பகல் வெயில், ஒன்பதரைவரை இருட்டவில்லை, அது வேறு ஒரு குழப்பம். ராத்திரிச் சாப்பாட்டை எப்போது சாப்பிடுவது என்று ஐந்து வாரமும் எனக்குத் தெரியவில்லை.

அரூர் அம்மணி, உங்களுக்குத்தான் பெரிய நன்றி. செவ்வாய், புதன், வியாழன் என்று எண்ணிக்கொண்டிருந்து ஒரு நாள் நாங்கள் இருவருமே போனோம். மான்செஸ்டரில் பிளாட்பாரம் கடைசி நேரத்தில் மாறியது, அதையும் சமாளித்தோம். மியூசியத்தில் முதல் பத்து நிமிஷம் இவள் பேசவில்லை. “போலாமா” வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மில்லின் மாடியில் ஒரு பெரியவர் தறி ஓட்டிக் காட்டிவிட்டு, கச்சாப் பட்டு நூல் கண்டு ஒன்றைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார். இவள் நூலை விரலில் உருட்டி, வெளிச்சத்தில் பிடித்து, இழுத்துப் பார்த்து, “இது மஞ்சள் கூடு நூல் இல்லை, வெள்ளைக் கூடு” என்றாள். அந்தப் பெரியவருக்கு நான் என் இங்கிலீஷில், இவள் புழு வளர்க்கிறவள், ஒரு தடவைக்கு இத்தனை முட்டை, இருபத்தைந்து நாள் சொச்சத்தில் கூடு என்று சொன்னேன். அவர் நாற்காலி எடுத்துப் போட்டு உட்காரவைத்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார். இலை எத்தனை வேளை, கூடு கட்ட எதில் விடுவீர்கள் என்று. செல்போனில் இருந்த எங்கள் மனைப் படத்தைக் காட்டினாள், கூடு கட்ட விடுகிற சந்திரிகைத் தட்டில் புழு ஏறியிருக்கும் படம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். எங்களுக்கு அப்புறம் வர வேண்டிய கூட்டம் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

திரும்பி வரும்போது ரயிலில், “அந்த ராஜா என்ன மல்பெரி நட்டான்?” என்றாள். கறுப்பு என்றேன். “நாற்று வாங்கும்போதே பார்க்க வேண்டாமா?” என்றாள்.

108 படி ஏறவில்லை. அவள் மட்டும் இறங்கும்போது அந்த வழியில் வந்தாள், எண்ணிக்கொண்டே வந்ததில் நடுவில் விட்டுப்போனதாம்.

பதில்: கல்தொழில், கிருஷ்ணகிரி

நல்லது ஐயா. சுவரில் அந்தக் குறுக்கே போகும் நீளக் கல்லைப் பார்த்தீர்களா?

பதில்: பழைய கண்டக்டர், பாலக்கோடு

பார்த்தேன். இவள் அதில்தான் சாப்பாட்டுப் பையை மாட்டிவைத்தாள்.